வந்தது வேறு, வந்துருச்சு வேறு

என் வீட்டுக்காரர் பெயர் சூசைமாணிக்கம். புருஷன் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்பது என் மாமியார் போட்ட சட்டம். எழுதக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. ஆகவே ஒரு தடவை எழுதிவிட்டேன், இனி ‘இவர்’தான்.

கந்தர்வக்கோட்டையில் பஸ் நிற்கிற இடத்தில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே ஒரு மேசை, ஒரு நாற்காலி, சுவரில் ஒரு கடிகாரம். அந்த நாற்காலிக்கு இவர்தான் டைம்கீப்பர். அந்த பஸ் கம்பெனியில் முதலில் வண்டிக் கூரை மேல் மூட்டை ஏற்றினார், அப்புறம் கிளீனராக இருந்தார், அப்புறம்தான் நாற்காலி கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்க் கோயில் தரையில் உட்கார்ந்தால்கூட, இல்லாத கைப்பிடியில் கை வைத்த மாதிரி நிமிர்ந்துதான் உட்காருவார். எனக்குச் சிரிப்பாக வரும். ஆனாலும் பார்க்கப் பெருமையாகத்தான் இருக்கும்.

வேலை என்னவென்றால், பஸ் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் நோட்டில் எழுத வேண்டும். ‘மூன்றாம் நம்பர் வந்துருச்சு 9.10, போனது 9.20.’ தமிழில் எழுதினார், ஒரு குறையும் இல்லை. ஐம்பத்தேழாம் வருஷம் திருச்சியிலிருந்து ரெங்கசாமி என்று ஒரு புது மேனேஜர் வந்தார். வந்ததும் நோட்டைப் புரட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

“புதுக்கோட்ட சமஸ்தானம் போயி ஒம்பது வருஷம் ஆச்சு. இன்னும் தமிழ்ல எழுதிக்கிட்டு இருக்கீரு. திருச்சி ஆபீசுல கேட்டா நான் என்னத்தக் காட்டுறது? அடுத்த மாசம் ஒண்ணாந் தேதியிலேருந்து இங்கிலீஷ். வெறும் நம்பர் போட்டா ஆகாது, முழுசா வாக்கியமா எழுதணும். நானே வந்து பரீட்சை வைப்பேன்.”

“எழுத வரலேன்னா சார்?”

“மறுபடியும் கூரை மேல ஏற வேண்டியதுதான். நாக்காலிக்கு என் மச்சான் இருக்கான்.”

இவர் வீட்டுக்கு வந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை என் முன்னால் போட்டார். நான் ஆவூரில் பிறந்தவள், கன்னியர் மடத்துப் பள்ளியில் எட்டாவது வரை படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு அந்த இங்கிலீஷ் மருந்து பாட்டிலில் ஒட்டிய சீட்டைப் படிக்க மட்டும்தான் உதவியது. இருபது வயதுப் பெண்ணாக இருந்தால் பயந்திருப்பேன். எனக்கு முப்பத்தொன்று, பயப்பட நேரமில்லை. ஒன்று இருபது பஸ்ஸுக்கும் இரண்டு நாற்பது பஸ்ஸுக்கும் நடுவில் இவர் சாப்பிட வருகிற நேரம்தான் பள்ளிக்கூடம் என்று முடிவு செய்தோம்.

“ஒங்களுக்கு வேண்டியது இறந்தகாலம் மட்டுந்தான்” என்று ஆரம்பித்தேன்.

“ஆரு எறந்தது?”

“காலம்ங்க.”

“அடப்பாவமே” என்று ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

முதல் வாரம் நன்றாகவே போயிற்று. ஸ்டாப் என்றால் நிற்பது, ஸ்டாப்டு என்றால் நின்றது. ஈ, டி என்று இரண்டு எழுத்தை வால் பக்கம் மாட்டிவிட்டால் எல்லாம் நடந்து முடிந்த கதையாகிவிடும் என்றேன். இவருக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. “பஸ்ஸுக்குப் பின்னால ஏணி மாட்டுற மாதிரி” என்றார். அதன்பிறகு பார்த்ததற்கெல்லாம் ஏணி மாட்டினார். கம்முக்குக் கம்டு என்றார், கோவுக்குக் கோடு என்றார். சாப்பிட்டு முடித்து எழுந்து “ஈட்டடு” என்று ஏப்பம் விட்டார்.

கம் என்பது கேம் ஆகும் என்றபோது கொஞ்சம் முணுமுணுத்தார், ஒப்புக்கொண்டார். கோ என்பது வென்ட் ஆகும் என்றபோதுதான் சண்டை வந்தது.

“கோவுல இருந்த ஒரு எழுத்துகூட இதுல இல்லையே. நீ சரியாத்தான் படிச்சியா?”

“இங்கிலீஷ்காரன் அப்படித்தான் வச்சிருக்கான். நானா வச்சேன்?”

“போன ஆளு ஒருத்தன், எழுதுற பேரு இன்னொருத்தனா? டிக்கெட்டே செல்லாதே இதுக்கு!”

“செல்லும். எழுதுங்க.”

ஹிட் என்பதற்கு இறந்தகாலமும் ஹிட்தான் என்று சொன்ன அன்று இவர் நோட்டை மூடிவிட்டார். இடிக்கிறதும் இடித்ததும் ஒரே சொல் என்றால் அந்த ஊரில் போலீஸ்காரன் எப்படிக் கேஸ் எழுதுவான் என்று கேட்டார். கன்னியர் அம்மாமார்களிடம் இப்படிக் கேட்டிருந்தால் முழங்காலில் நிற்க வைத்திருப்பார்கள்.

பெரிய பாடு பட்டது ‘வரவில்லை’ என்பதற்குத்தான். இவர் டிட் நாட் கேம், டிட் நாட் கேம் என்றே எழுதிக்கொண்டிருந்தார். பத்துத் தடவை அடித்துத் திருத்தினேன். கடைசியில் கோபம் வந்து, “ஒரு பஸ்ஸுக்கு எத்தன டிரைவரு?” என்று கேட்டேன்.

“ஒருத்தருதான்.”

“டிட்டுதான் இங்க டிரைவரு. அவரு ஸ்டியரிங்கப் புடிச்சாச்சு. பின்னால கம் சும்மா உக்காந்து வந்தாப் போதும். அதுவும் எந்திரிச்சுக் கேம்னு ஸ்டியரிங்கப் புடிச்சா வண்டி கவுந்துரும்.”

இவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. கல்யாணத்தன்றுகூட அப்படிப் பார்க்கவில்லை. அன்று சாயங்காலம் வந்த கண்டக்டர்களுக்கெல்லாம் அதைப் பாடமே நடத்திவிட்டாராம்.

நான் செய்த தப்பு அடுத்த நாள் நடந்தது. அடுப்பில் குழம்பு அடிப்பிடித்துக்கொண்டிருந்தது. இவர் சாவகாசமாக, “வந்ததுன்னா கேம். வந்துருச்சுன்னா?” என்று கேட்டார்.

“அதுவும் கேம்தான்.”

“ரெண்டும் ஒண்ணா?”

“ஒண்ணுதாங்க, தின்னுட்டுக் கெளம்புங்க!”

ஒன்றில்லை. எங்கள் ஊரில் பிறந்த பச்சைப்பிள்ளைக்கும் அது ஒன்றில்லை என்று தெரியும். புதுக்கோட்டைப் பக்கமிருந்து வருகிற பஸ் ஒரு மைலுக்கு அப்பால் குளக்கரைத் திருப்பத்தில் ஆரன் அடிக்கும். அது காதில் விழுந்ததும் இவர் கொட்டகை வாசலில் நின்று, “வந்துருச்சு, வந்துருச்சு!” என்று சத்தம் போடுவார். ஜனங்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு எழுந்திருப்பார்கள். பஸ் வர இன்னும் ஐந்து நிமிஷம் ஆகும். வழியில் எவனாவது கை காட்டினால் பத்து நிமிஷம் ஆகும். இவரைப் பொய்யன் என்று ஒருவரும் சொன்னதில்லை. உலை கொதிக்கும்போதே ‘சோறு ஆச்சு’ என்கிறோம். கொல்லையில் இருந்துகொண்டே ‘இதோ வந்துட்டேன்’ என்கிறோம். எல்லாம் உண்மைதான், எங்கள் கணக்கில்.

ஆரன் சத்தம் கேட்டதும் ‘வந்துருச்சு’ என்று எழுதுவது இவருடைய வழக்கம். இப்போது அதே சத்தத்துக்குக் ‘கேம்’ என்று எழுதினார். மேனேஜர் வந்தார், நோட்டைப் பார்த்தார், எழுத்துப் பிழை தேடினார். போன பஸ்ஸுக்கு என்ன எழுதுவாய், வராத பஸ்ஸுக்கு என்ன எழுதுவாய் என்று குறுக்கும் நெடுக்கும் கேட்டார். இவர் டிரைவரை ஒழுங்காக உட்கார வைத்துப் பதில் சொன்னார். மேனேஜர் வேண்டாவெறுப்பாகக் ‘குட்’ என்றாராம். அன்றைக்கு வீட்டில் பாயசம் வைத்தேன்.

ஆடி மாதம் ஒரு காலையில் இருளாயி என்கிற அம்மா தன் ஆடுகளைக் குளக்கரை ரோட்டில் ஓட்டிக்கொண்டு போனார். மூன்றாம் நம்பர் பஸ்ஸின் டிரைவர் நாகராசு திருப்பத்தில் ஆரன் அடித்துவிட்டு, வண்டியை நிறுத்திப் பீடி பற்ற வைத்துக்கொண்டு, பிறகு போன நேரத்தைப் பிடிக்க வேண்டும் என்று முடுக்கியிருக்கிறார். வண்டி இடித்து ஒரு ஆடு அங்கேயே செத்தது. இருளாயி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. பஸ் நிற்கவே இல்லை. பின்னால் சைக்கிளில் வந்த ஒரு வாத்தியார் கைக்கடிகாரத்தைப் பார்த்து, மணி ஒன்பதேகால் என்று போலீஸில் சொல்லிவிட்டார். நாகராசு மேல் கேஸ் ஆயிற்று.

மறுநாளே மேனேஜர் ஓடி வந்தார். நோட்டைத் திறந்து அந்த நாளைத் தேடிப் படித்தார். “பஸ் நம்பர் த்ரீ கேம் அட் நைன் டென்.” மாப்பிள்ளைக்குப் பெண்ணைப் பிடித்துப்போன மாதிரி முகம் மலர்ந்துவிட்டதாம்.

“ஒம்பது பத்துக்கே நம்ம வண்டி இங்க நிக்குது. அப்பறம் எப்படிய்யா ஒம்பதேகாலுக்குக் கொளக்கரையில ஆட்ட இடிக்கும்? அது ஏதாச்சும் லாரியா இருக்கும். நீரு கோர்ட்டுக்கு வந்து, இது என் எழுத்து, கேம்னா வந்ததுன்னு அர்த்தம், அவ்வளவு சொன்னாப் போதும். வேற ஏதாச்சும் சொன்னீரு, வேல போச்சு!”

அன்று மத்தியானம் இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாய்க்குப் போகவில்லை.

“அருளு, ஒம்பது பத்துக்கு ஆரன் சத்தம் கேட்டுச்சு. வண்டி நின்னது ஒம்பது இருவதுக்கு. அந்தம்மா கையில மூங்கில் வச்சுக் கட்டியிருக்காங்க, பாத்தேன்.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? மறைக்க விரும்பவில்லை. “எழுதினது கேம். கேம்னா வந்தது. அதச் சொல்லிட்டு வாங்க. அந்தம்மா நமக்கு என்ன ஒறவா?” என்றேன். சொன்ன வாயைக் கழுவ வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னேன். மறுபடியும் இவர் கூரை மேல் ஏறி மூட்டை தூக்குவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஐப்பசியில் புதுக்கோட்டைக் கோர்ட்டில் கேஸ் வந்தது. நானும் கூடப் போனேன், கதவோரம் நின்றுகொண்டேன். மேனேஜர் ஜன்னல் பக்கம் நின்றார். கம்பெனி வக்கீல் நோட்டை உயர்த்திப் பிடித்து அந்த வரியை வேதம் போல வாசித்தார். அப்புறம் சர்க்கார் வக்கீல் எழுந்தார்.

“இது ஒம்ம எழுத்துதானா?”

“ஆமாங்க.”

“இதுல கேம்னு எழுதியிருக்கே, அதுக்கு என்ன அர்த்தம்?”

மேனேஜர் தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். இவர் எங்கள் இருவரையும் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்.

“வந்துருச்சுங்க.”

“அதாவது, ஒம்பது பத்துக்குப் பஸ் வந்தது?”

“வந்துருச்சுங்க.”

“வந்ததா, இல்லையா? ஒண்ணச் சொல்லும்.”

“வந்தது வேற, வந்துருச்சு வேறங்க.”

மாஜிஸ்திரேட் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். “என்ன வேற?”

“ஆரன் சத்தம் கேட்டா வந்துருச்சுங்க எசமான். சக்கரம் நின்னா வந்ததுங்க. ஒம்பது பத்துக்கு வந்துருச்சு. ஒம்பது இருவதுக்குத்தான் வந்தது.”

“இங்கிலீஷ்ல ஒரே கேம்தானேய்யா இருக்கு?” என்றார் கம்பெனி வக்கீல்.

“அதாங்க தப்பாப் போச்சு. ரெண்டுக்கும் ஒண்ணுதான்னு எங்க வீட்டுல சொல்லிட்டாங்க.”

கோர்ட்டு முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. எட்டாவது வரை படித்ததற்காக என் வாழ்க்கையில் முதல் தடவையாக வெட்கப்பட்டேன். முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

கம்பெனி வக்கீல் விடவில்லை. “கனம் கோர்ட்டார் அவர்களே, சாட்சி இங்கே வந்து புதுசாகக் கதை கட்டுகிறார். வராத ஒன்றை வந்தது என்று புத்தியுள்ள எந்த மனிதனாவது சொல்வானா?”

மாஜிஸ்திரேட் டவாலிச் சேவகனைப் பார்த்தார். “அடுத்த சாட்சியைக் கூப்பிடு” என்றார். டவாலி வாசலுக்குப் போய், “இருளாயி! இருளாயி! இருளாயி!” என்று மூன்று தடவை கூவினான்.

வெளியே புளியமரத்தடியிலிருந்து ஒரு குரல் கணீரென்று கேட்டது. “வந்துட்டேன்!”

எல்லாரும் கதவைப் பார்த்தோம். ஒருவரும் வரவில்லை. மாஜிஸ்திரேட் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசை மேல் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, “வந்துட்டேன் சாமி, வந்துட்டேன்!” என்று மறுபடியும் அதே குரல். நான் எட்டிப் பார்த்தேன். இருளாயி குழாயடியில் குனிந்து, நல்ல கையால் தண்ணீர் பிடித்து வெற்றிலை வாயைக் கொப்பளித்துக்கொண்டிருந்தார். அவசரமே இல்லை.

“எங்கேய்யா அந்த அம்மா?” என்று மாஜிஸ்திரேட் டவாலியைக் கேட்டார்.

டவாலி வெளியே பார்த்தான். விறைப்பாக நின்றுகொண்டு, “வந்துட்டாங்க எசமான்!” என்றான்.

முதலில் சிரித்தது சர்க்கார் வக்கீல். பிறகு குமாஸ்தா. பிறகு கோர்ட்டே சிரித்தது. மாஜிஸ்திரேட் மட்டும் சிரிக்காமல் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இருளாயி உள்ளே வந்து கும்பிட்டபோது, “ஆறு நிமிஷம்” என்று சொல்லி அதைக் காகிதத்தில் குறித்துக்கொண்டார். கம்பெனி வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

நாகராசுக்கு அபராதம் விழுந்தது. ஆட்டுக்கும் கைக்கும் கம்பெனி ஈடு கட்ட வேண்டும் என்று ஆயிற்று. இருளாயி போகும்போது இவரைப் பார்த்து, “நல்லாருப்பே தம்பி” என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த நொடியே மேனேஜர் வந்து நின்றார்.

“ஒம்ம வேல போச்சுய்யா!”

பஸ்ஸில் திரும்பும்போது ஆதனக்கோட்டை தாண்டியதும் இவர் மெதுவாகக் கேட்டார். “போச்சுன்னாரே. போயிருச்சா, இல்ல இனிமேத்தான் போகப் போகுதா?”

“எழுத்துல வரட்டும்” என்றேன். கொஞ்ச தூரம் போனபின், “தப்பு என்னோடது. குழம்பு கருகுதுன்னு ஏதோ சொல்லிட்டேன்” என்றேன்.

“நான் ஒன்னையக் கோர்ட்டுல மாட்டி விட்டுட்டேன். சரியாப் போச்சு” என்றார்.

நாலாம் நாள் எழுத்தில் வந்தது. இவர் கடிதத்தைப் பிரிக்காமல் சாப்பாட்டுக்கு எடுத்து வந்தார். நான் கை நீட்டினேன், தரவில்லை. தானே பிரித்து, விரல் வைத்து, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். ஒரு சொல்லுக்குக்கூட என்னைக் கேட்கவில்லை. ‘யூ ஒர்க்டு’ என்றால் வேலை செய்தீர், ஏணி மாட்டியிருக்கிறது. ‘வீ லாஸ்ட் த கேஸ்’ என்றால் கேஸில் தோற்றோம், ஏணி இல்லாதது. கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்தினார். ‘யுவர் சர்வீஸ் என்டட் ஆன் தர்ட்டி ஃபர்ஸ்ட் அக்டோபர்.’

“என்டட்னா முடிஞ்சது. இல்ல?”

“ஆமா.”

“அருளு, இன்னைக்கு இருவத்தேழுதானே?”

நான் காலண்டரைப் பார்த்தேன். இருபத்தேழுதான்.

“முப்பத்தொண்ணு இன்னும் வரவே இல்ல. அதுக்குள்ள முடிஞ்சதுன்னு எழுதியிருக்காரு. திருச்சிக்காரரும் ஆரன் சத்தத்துலதான் எழுதுறாரு!”

இவர் சிரிக்க ஆரம்பித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. இவர் கையைக் கழுவிக்கொண்டு, “இன்னும் நாலு நாள் இருக்கு” என்று இரண்டு நாற்பது பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

அந்த நாலு நாளும் இவர் ‘வந்துருச்சு’ என்று ஒரு தடவைகூடக் கத்தவில்லை. ஆரன் கேட்டாலும் பேசாமல் இருந்தார். பஸ் வந்து, சக்கரம் நின்று, புழுதி அடங்கியபிறகுதான் பேனாவை எடுத்தார். முன்னாடியே சொல்லக் கூடாதா, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கிறதே என்று ஜனங்கள் திட்டினார்கள். திட்டட்டும் என்று இருந்துவிட்டார்.

முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம், இவருடைய குடையையும் செம்பையும் எடுத்து வரலாம் என்று நான் போனேன். மறுநாள் காலையில் மேனேஜரின் மச்சான் வரப் போகிறான். கடைசி பஸ் வந்தது, போனது. இரண்டையும் எழுதினார். அதற்குக் கீழே டைம்கீப்பர் என்று எழுதிவிட்டுப் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“வென்ட்டுன்னு போட்டுறவா?”

“இன்னும் நாக்காலியிலதானே இருக்கீங்க” என்றேன். வேண்டுமென்று சொல்லவில்லை. டீச்சர் புத்தி, வந்துவிட்டது.

இவர் தலையை ஆட்டினார். “ஆமா, தப்பாயிரும்” என்று பேனாவை மேசையில் வைத்தார். எழுந்து நாற்காலியை மேசைக்குள் தள்ளினார். சாவியை ஆணியில் மாட்டினார். கொட்டகையை விட்டு இறங்கி ரோட்டுக்கு வந்து என் பக்கத்தில் நின்றார். பிறகு இவர் திரும்பிப் போய், வெளியே நின்றபடியே ஜன்னல் வழியாகக் கையை விட்டு, நோட்டைத் தன் பக்கம் திருப்பி, மிச்சச் சொல்லையும் எழுதினார். ‘டைம்கீப்பர் வென்ட்.’ கடிகாரத்தை எட்டிப் பார்த்து, ஆறு நாற்பத்தொன்று என்று நேரமும் போட்டார்.